சேலத்திலிருந்து கோவளம் வரை: முதல் முறை ஸ்நார்கெலிங் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரை இல்லாத மாவட்டத்துக்காரர்களான நாம் தண்ணீரைப் பழகியது பெரும்பாலும் தோட்டத்துக் கிணற்றிலும் மேட்டூர்ப் பக்கத்துக் காவிரியிலும்தான். அதனால் கடலில் ஸ்நார்கெலிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால், அது நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் உடனே வந்துவிடுகிறது. உண்மையில், வழிகாட்டியோடு செல்லும் ஆரம்பநிலைப் பயணத்தில் நீச்சல் திறமையைவிட முக்கியமானது, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி வாயால் நிதானமாக மூச்சு விடும் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கடலுக்குப் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது. ரயில் ஏறும் முன்பே, சேலத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலை அது. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு மாஸ்க், வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு வளைந்த குழாய், காலில் ஃபின்ஸ் எனப்படும் துடுப்புக் காலணி, உடலை மிதக்க வைக்கும் ஒரு ஜாக்கெட் ஆகியவற்றோடு கடலின் மேற்பரப்பில் குப்புற மிதந்து, கீழே உள்ள பாறைகளையும் மீன்களையும் பார்ப்பதுதான் ஸ்நார்கெலிங். ஆக்சிஜன் சிலிண்டர் என்று பொதுவாகச் சொல்லப்படும் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்துக்குச் செல்லும் ஸ்கூபா இதிலிருந்து முற்றிலும் வேறானது. பதிவு செய்யும்போது இரண்டில் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் விளம்பரங்களில் இரண்டும் ஒரே வரியில் கலந்து வருவதுண்டு.

கிணற்றில் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டி நீச்சல் கற்றவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு தேவைப்படுகிறது. கிணற்று நீச்சல் நமக்கு இரண்டு பழக்கங்களைத் தந்திருக்கிறது: தலையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கை கால்களை வேகமாக அடிப்பது ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவது மற்றொன்று. ஸ்நார்கெலிங்கில் இரண்டுமே எதிராக வேலை செய்யும். தலையைத் தூக்கினால் இடுப்பும் கால்களும் கீழே இறங்கி உடல் செங்குத்தாகிவிடும், குழாயின் கோணம் மாறித் தண்ணீர் உள்ளே வரும். மூச்சைப் பிடித்தால், பிடித்த மூச்சை விட்டவுடன் அவசர அவசரமாக இழுக்கத் தோன்றும். ஆகவே ஊரில் பெயரெடுத்த நீச்சல்காரர்கூட இதில் தன்னை ஆரம்பநிலை ஆளாகவே வைத்துக்கொள்வது நல்லது. அதேபோல, நீச்சலே தெரியாதவர் மிதவை ஜாக்கெட் அணிந்து, வழிகாட்டியின் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு செல்ல முடியும். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லி, நீச்சல் தெரியாதவர்களையும் அழைத்துச் செல்லும் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிதானமான மூச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உடலின் கணக்கு ஒன்று இருக்கிறது. சாதாரணமாக ஒருவர் ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. அதில் 150 மில்லிலிட்டர் அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடுவதால், காற்றுப் பரிமாற்றம் நடக்கும் நுரையீரல் பகுதிக்குச் சென்று சேர்வதில்லை. 35 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஒரு குழாயை வாயில் வைத்தால் இந்த வீணாகும் இடத்தோடு மேலும் 100 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாகச் சேர்கிறது. பயத்தில் சின்னச் சின்னதாக, வேகமாக மூச்சு விடும்போது, குழாயில் தங்கிய பழைய காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கிறோம். உடலில் கரியமில வாயு கூடுகிறது. அது மேலும் மூச்சு முட்டுவதுபோன்ற உணர்வைத் தர, பயம் இன்னும் ஏறுகிறது. நீண்டு இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட்டால் இந்தச் சுழல் தொடங்குவதே இல்லை. குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் ஆழத்தில் இருந்தே மூச்சு விடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சின் மீது தண்ணீரின் அழுத்தம், நெஞ்சுத் தசைகளால் எதிர்த்து விரிக்க முடியாத அளவுக்குக் கூடிவிடுவதால் அது இயலாது.

ஆகவே பயிற்சியை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். மாஸ்க்கையும் குழாயையும் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது, மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க்கின் கண்ணாடி டெம்பர்டு எனப்படும் உறுதியாக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். முகத்தில் படியும் ஓரம் மென்மையான சிலிகானால் ஆனதாகவும், மூக்கை வெளியிலிருந்து விரலால் பிடித்து அடைக்கும்படியான மூக்குப் பகுதி உள்ளதாகவும் இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே அளவு பார்க்கலாம். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாகக் காற்றை இழுத்துக் கையை எடுங்கள். மூச்சை நிறுத்தி வைத்திருக்கும் வரை அது முகத்திலேயே ஒட்டி நின்றால் அது உங்களுக்குரிய மாஸ்க். பெரிய மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டின் பக்கமாகத் தண்ணீர் கசியும். மீசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் கசிவு குறையும். பெண்களின் நெற்றி முடியில் ஓர் இழை ஓரத்துக்கு அடியில் சிக்கினாலும் அதே கதைதான், ஆகவே முடியை இறுகப் பின்னி முழுவதும் பின்னால் தள்ளிவிட வேண்டும். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையை உட்புறம் தடவி விரலால் சில நிமிடம் தேய்த்துக் கழுவினால்தான் பனி மூட்டம்போல் மங்குவது குறையும்.

கண்ணாடி அணிபவர்கள் இங்கேயே தயங்கி நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தெரிவதால், குறைந்த கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமலேயே ஓரளவு நன்றாகப் பார்க்கலாம். அதிகமான பவர் உள்ளவர்களுக்குப் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்குகள் விற்பனைக்கு உள்ளன. முகம் முழுவதையும் மூடி, மூக்காலும் வாயாலும் மூச்சு விட வைக்கும் முழுமுக மாஸ்க்குகளை மட்டும் ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அவை வசதியாகத் தோன்றினாலும், தரம் குறைந்தவற்றில் வெளிவிட்ட காற்று உள்ளேயே தங்கும் அபாயம் உண்டு; தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து குழாயைத் துப்பிவிட்டு மூச்சு விடுவது போல அவ்வளவு விரைவாக அவற்றைக் கழற்றவும் முடியாது.

மாஸ்க் மாட்டி, குழாயைக் கவ்விக்கொண்டு, முதலில் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து பத்து நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். பலருக்கு மூக்கு அடைபட்ட அந்த உணர்வே முதல் தடையாக இருக்கும், அது தரையிலேயே பழகிவிடும். அடுத்ததாக ஓர் அகன்ற அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, முகத்தை மட்டும் அதில் வைத்து மூச்சு விடலாம். அதன்பின் உயிர்காப்பாளர் இருக்கும் ஒரு நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், இடுப்பளவு நீரில் நின்று பழகுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் ஏரியில் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது படகுக்கான ஏரி. சேலத்துக்கு இறங்கி வந்து குளத்தில் பழகுவதே சரி. குளத்தில் கற்க வேண்டியவை மூன்று. குழாயில் தண்ணீர் புகுந்தால், பதறாமல் நாக்கால் தொண்டைப் பக்கம் மறித்துக்கொண்டு, வலுவாக ஒரே ஊதலில் அதை மேலே வெளியேற்ற வேண்டும். ஊதுவதற்குத் தேவையான காற்று நெஞ்சில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால், தலையை நீருக்கு மேலே தூக்கி, மாஸ்க்கின் கீழ் ஓரத்தை விரலால் சற்று விலக்கி வடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதுவும் சரியில்லை என்று தோன்றினால் உடனே மல்லாந்து திரும்பி, குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்து மிதக்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றாவது பழக்கம் தானாக வரும் வரை பயணத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்னதாக மருத்துவரிடம் கேட்க வேண்டும். குழாய் வழியாக எதிர்ப்பை மீறிக் காற்றை இழுப்பது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக் காரணமாகலாம் என்று ஹவாய்த் தீவுகளில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டியிருக்கிறது. ஆகவே கடலில் இருக்கும்போது காரணமின்றி மூச்சு வாங்கினாலோ கை கால் திடீரென்று ஓய்ந்தாலோ, அதைப் பயம் என்று எண்ணிச் சமாளிக்காமல் உடனே மல்லாந்து வழிகாட்டியை அழைக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, நம் பக்கத்திலிருந்து முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது திருவனந்தபுரம் நகரை ஒட்டிய கோவளம். பேருந்தில் செல்வதானால் புதுச்சேரிதான் அருகில், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சென்றுவிடலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் படகில் திறந்த கடலுக்குப் போக வேண்டியிருப்பதால், படகின் ஆட்டமும் ஆழமும் முதல்முறை செல்பவரைக் கலக்கிவிடும். கோவளத்தில் பாறை முனைகள் கடற்கரையைச் சிறு சிறு வளைவுகளாகப் பிரித்து வைத்திருப்பதால், அமைதியான நாளில் கரைக்கு அருகிலேயே பாறையோரத்தில் மீன்களைப் பார்க்க முடிகிறது. அங்குள்ள வழிகாட்டிகளோடு தமிழில் பேசிப் புரிந்துகொள்வதும் கடினமில்லை.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் கிளம்புவது வழக்கம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் தொலைதூரக் கடலில் பிறந்த பேரலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கேரள, குமரிக் கரைகளைத் திடீரென்று தாக்குவதுண்டு. கள்ளக்கடல் என்று அழைக்கப்படும் இதற்கு ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் கடல் கொந்தளித்துக் கலங்கியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரையிலான காலமே மேற்குக் கரையில் அமைதியும் தெளிவும் கூடி வரும் பருவம். ஆனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலைக் கூட்டம் இதே ரயில் பாதையில் செல்வதால், 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவு திறக்கும்போதே சீட்டு எடுத்துவிட வேண்டும். அல்லது பொங்கல் கழிந்து கூட்டம் குறைந்தபின் செல்லலாம்.

சேலம் சந்திப்பிலிருந்து ஈரோடு, பாலக்காடு, எர்ணாகுளம் வழியாக இரவு ரயில்கள் திருவனந்தபுரம் செல்கின்றன. இறங்கிய அன்றே கடலுக்குள் போக வேண்டாம். இரவெல்லாம் சரியாகத் தூங்காத உடல் எளிதில் களைத்துவிடும். கிழக்கே கோட்டையிலிருந்து கோவளத்துக்குப் பேருந்து உண்டு; அன்று மாலை வழிகாட்டியை நேரில் பார்த்துப் பேசிவிட்டு, மறுநாள் காலையில் இறங்குவதே முறை. பொதுவாகக் காலையில் காற்று குறைவு, முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து அலையையும் கலங்கலையும் கூட்டிவிடும். ஆகவே காலை 7 மணி அளவில் நீரில் இருப்பதுபோல நேரம் கேளுங்கள்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? புதியவர்களாக இருந்தால் நான்கு பேருக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் முறையான பயிற்சிச் சான்று பெற்றவரா, மிதவை வளையம் கூடவே வருமா, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கும், அலை கூடினால் பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பவை அடுத்தவை. கடைசிக் கேள்விக்கு அவர் தரும் பதில் மிக முக்கியமானது. கடல் சரியில்லை என்று சொல்லித் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவரே உங்களை அழைத்துச் செல்லத் தகுந்தவர். சைகைகளையும் கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாம் நன்றாக இருக்கிறேன் என்று காட்ட உயர்த்தும் கட்டைவிரலுக்குக் கடலில் மேலே போகிறேன் என்று பொருள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் நலம் என்பதையும், விரித்த உள்ளங்கையை இருபுறமும் ஆட்டுவது ஏதோ சரியில்லை என்பதையும், கையை உயர்த்தி வீசுவது உதவி தேவை என்பதையும் குறிக்கும்.

காலை உணவு இரண்டு இட்லியோடு நிற்கட்டும், அதுவும் ஒரு மணி நேரம் முன்பாக. முந்தைய இரவு மது கூடவே கூடாது. உடைக்கு உடலோடு ஒட்டும் நீச்சல் துணியில் முழுக்கை மேல்சட்டையும் லெக்கிங்ஸும் ஆண் பெண் இருபாலருக்கும் ஏற்றவை. வெயிலிலிருந்தும் ஜெல்லி மீனிலிருந்தும் ஒருசேரக் காக்கும் அந்த உடை, முகத்துக்கும் பின்கழுத்துக்கும் மட்டும் சன்ஸ்கிரீன் போதும் என்ற நிலையைத் தருகிறது. பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் நனைந்தால் கனமாகிக் காலில் சுற்றும். நகைகளை அறையிலேயே விட்டுவிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாக வாங்கிய வெள்ளிக் கொலுசின் சலங்கை ஃபின்ஸின் குதிகால் பட்டையில் மாட்டிக்கொள்ளும். மெட்டி ஃபின்ஸுக்குள் விரலை அறுக்கும். மோதிரம் நீரில் நனைந்து விறைத்த விரலிலிருந்து தெரியாமலே நழுவிவிடும்.

மிதவை ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகுச் சவாரியில் தரும் தடித்த ஆரஞ்சு ஜாக்கெட் நெஞ்சை மேலே தள்ளி ஆளை மல்லாத்த முயல்வதால், குப்புற மிதப்பது போராட்டமாகிவிடும். காற்று ஊதி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்நார்கெலிங் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். எதை அணிந்தாலும் கால்களுக்கிடையே செல்லும் பட்டையைப் பூட்டினால்தான் அது தோளுக்கு மேலே ஏறாமல் நிற்கும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்த கடல்நீர், கிணற்று நீரைவிட உங்களை எளிதாகத் தாங்கும் என்பதும் தெம்பு தரும் செய்தி.

நீரில் இறங்கும்போது இடுப்பளவு ஆழம் வரை ஃபின்ஸைக் கையில் எடுத்துச் சென்று, வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு அணியுங்கள். அணிந்தபின் நடக்க வேண்டியிருந்தால் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். மாஸ்க்கின் உட்புறம் கொஞ்சம் எச்சில் தடவி ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள், மங்காது. பின்னர் நின்றபடியே முகத்தை மட்டும் நீரில் வைத்துப் பத்துப் பதினைந்து மூச்சு விடுங்கள். உங்கள் மூச்சின் ஓசை குழாய் வழியாகப் பெரிதாகக் கேட்கும். அந்த ஓசை சீராகும் வரை காலைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள், வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் சரி. சீரானதும் உடலை நீட்டிப் படுத்து, பார்வையைச் சற்று முன்னோக்கி வைத்து, முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மெதுவாகக் காலை அசைத்தால் போதும், கைகளுக்கு வேலையே இல்லை.

கோவளத்துப் பாறையோரத்தில் கண் பழகியதும் முதலில் தெரிபவை மஞ்சள் கலந்த வெள்ளி உடலில் ஐந்து கறுப்புப் பட்டைகள் போட்ட சிறுமீன் கூட்டங்கள். அவை பாறையை மேய்ந்துகொண்டே ஆளை நெருங்கி வந்து, அலை தள்ளும்போது நாமும் அவையும் ஒரே திசையில் ஒன்றாக ஆடிப் போய்த் திரும்புவோம். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பெரும்பாலும் இணையாக வரும். பாறையில் கறுப்பாக அப்பியிருப்பவை சிப்பிகள். விழிஞ்ஞம் பக்கத்து ஆட்கள் மூச்சடக்கி முங்கி எடுப்பது இவற்றைத்தான். பொந்துகளில் நீண்ட முள்ளோடு இருக்கும் கடல் முள்ளெலிகளும், அழகிய வரிகளோடு துடுப்பை விரித்து நிற்கும் விஷமுள்ள சிங்கமீன்களும் இருக்கலாம் என்பதால், எதையும் தொடாமல் பாறையிலிருந்து ஒரு கை தூரம் விலகியே மிதக்க வேண்டும்.

மேற்பரப்பிலேயே இருக்கும் வரை காதில் ஒன்றும் நேராது. ஆர்வத்தில் கீழே முங்கினால்தான் காது அடைக்கும். ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் அடிவாரம் இறங்கும்போது காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் திறந்துகொள்வது போன்றதுதான் இதுவும். ஆனால் அந்த மலைப்பாதை முழுவதிலும் கூடும் காற்றழுத்தத்தைத் தண்ணீரில் ஒன்றரை மீட்டருக்குள்ளாகவே சந்தித்துவிடுகிறோம். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறக்கத் தெரியாதவர்களும் சளி பிடித்திருப்பவர்களும் முங்கவே வேண்டாம். நெடுநேரம் முங்குவதற்காக வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டுத் தயாராவது யாருக்குமே கூடாது. மூச்சு முட்டும் எச்சரிக்கை உணர்வு வராமலே நினைவு தப்பிவிடும்.

மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன் பட்டால் அந்த இடத்தைத் தேய்க்காமலும், நல்ல தண்ணீரால் கழுவாமலும், கடல்நீராலேயே அலசி, ஒட்டியுள்ள இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடி நட்டிருந்தால் அன்றைய திட்டத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

முதல் முறைக்கு 30 நிமிடம் நீரில் இருந்தால் தாராளம். தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோன்றினாலும் உடல் சூட்டைக் காற்றைவிடப் பலமடங்கு வேகமாக அது எடுத்துக்கொள்வதால், உதடு நடுங்கத் தொடங்கியதும் பிள்ளைகளை வெளியே அழைத்துவிட வேண்டும். கரையேறியதும் காதுகளை நல்ல தண்ணீரால் அலசித் துடைத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். மாஸ்க்கை உப்புப் போகக் கழுவி நிழலில் உலர்த்தினால் சிலிகான் பல ஆண்டுகள் உழைக்கும்.

இதில் நம்பிக்கை வந்தபின் பவளப்பாறைகளைப் பார்க்க மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் செல்லலாம். அங்குள்ள மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, அதன் 21 தீவுகளும் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆகவே படகுக்காரர் வார்த்தையை மட்டும் நம்பாமல், எங்கே இறங்க அனுமதி உண்டு என்பதை வனத்துறையிடமே கேட்டுச் செல்ல வேண்டும். பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.